கேள்வி எண் பதினேழு

கீழப்பட்டிக்குச் சுகாதார இன்ஸ்பெக்டர் நாகராசு ஊசிப் பெட்டியோடு வந்த அன்று, அந்த ஊர்ப் பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கதவு இல்லாத வீட்டுக்காரிகள் வரகுக் கொல்லைக்குள் போய்க் குனிந்து உட்கார்ந்துகொண்டார்கள். ஆண்கள் கண்மாய்க் கரையில் வரிசையாக நின்று ஊசி போட்டுக்கொண்டு, கையை உதறியபடி வீட்டுக்குப் போனார்கள். பக்கத்து ஊர்வரை காலரா வந்துவிட்டது. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு, வாந்திபேதிக்கு மட்டும் குறைவில்லை.

செபமாலை அன்று அங்கே இருந்தது தற்செயல். திருமயத்துப் பக்கம் ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸ். போன மாதம் அவள் பிரசவம் பார்த்த முத்துமாரியம்மாளுக்கு மாரில் கட்டி என்று ஆள் வந்ததால் புறப்பட்டு வந்திருந்தாள். முத்துமாரியம்மாளின் மாமியார் இருளாயி, கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் ஆத்தா ஒளியிறீங்க? எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்றாள் செபமாலை.

"ஊசிக்கு யாரு தாயி பயந்தா? அந்த ஆளு கையப் புடிச்சு, சேலைய ஒதுக்கச் சொல்லி, ஊரே வேடிக்கை பாக்கக் குத்துவாரு. என் மருமகள அங்கிட்டுக் கொண்டுபோயி நிறுத்தச் சொல்றீங்களா? நீங்க போடுங்க. இப்பவே கைய நீட்டுறோம்."

செபமாலை நேரே கண்மாய்க் கரைக்குப் போனாள்.

"அந்தப் பெட்டிய ஒரு நாழிகை குடுங்க. வீடு வீடாப் போயி நான் போட்டுட்டு வாரேன்."

நாகராசு கெட்டவரில்லை. வெயிலில் நின்று நின்று முகம் கறுத்துப்போயிருந்தது. "எனக்கும் ஆசைதாம்மா. ஆனா நர்ஸு பிரசவத்துக்குத்தான் வெளிய வரலாம். ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு வெளிய ஊசியத் தொட ரூல் இல்ல. நாளைக்கு யாருக்காச்சும் காய்ச்சல் வந்தா என் வேலை போயிரும். நான் நாலு புள்ளைக்காரன்."

அவர் பெட்டியை மூடினார். செபமாலை வெறுங்கையோடு திரும்பினாள்.

பன்னிரண்டாம் நாள் முத்துமாரியம்மாள் செத்துப்போனாள். காலையில் வயிற்றுப்போக்கு தொடங்கி, பொழுது சாயும் முன்பே முடிந்துவிட்டது. மூன்று வாரத்தில் அந்தச் சின்ன ஊரில் பதின்மூன்று சாவு. அதில் பதினொன்று பெண்களும் பெண் குழந்தைகளும்.

இருளாயி பேரக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். குழந்தைக்கு ஆட்டுப்பால் கொடுக்கலாமா என்று கேட்க வந்தவள். கேட்டு முடித்த பிறகும் போகவில்லை.

"அன்னைக்கு நீங்க போட்டிருந்தா அவ இருந்திருப்பாளா நர்ஸம்மா?"

தெரியாது என்று செபமாலை சொல்லியிருக்கலாம், அது முழுப் பொய்யும் அல்ல. ஆனால் இருளாயி அவள் முகத்தைப் பார்த்தே பதிலைத் தெரிந்துகொண்டு, குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு செபமாலையால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கழுவி வைத்த கிண்ணங்களை மறுபடி கழுவினாள். ஒரே நோயாளிக்கு இரண்டு தடவை காய்ச்சல் பார்த்தாள். இரவு ஜெபத்தில் எத்தனையாவது மணியில் இருக்கிறோம் என்பதே மறந்துபோயிற்று. அவள் கணவர் இன்னாசி பள்ளிக்கூட வாத்தியார், அமைதியான மனிதர். "கட்டில்ல உக்காந்துதான் சாப்பிடேன். நின்னுக்கிட்டே சாப்பிடுறியே" என்றார். அவள் நின்றுகொண்டே சாப்பிட்டு முடித்தாள்.

மறுநாள் டாக்டர் முத்துராமனிடம் போனாள். அவர் அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார்.

"நர்ஸ வெளிய அனுப்பக் கேட்டு நான் மேல எழுதாமலா இருக்கேன்? ரெண்டு தடவை எழுதினேன். இது ரெண்டாவதுக்கு வந்த பதில்." இங்கிலீஷில் இருந்ததை அவர் மெதுவாகத் தமிழில் சொன்னார். "விதியில் இடமில்லை. மேலும், இது சம்பந்தமாகப் பொதுமக்களிடமிருந்து கோரிக்கை எதுவும் இதுவரை வரவில்லை."

"கடைசி வரிய இன்னொரு தடவை சொல்லுங்க டாக்டர்."

"பொதுமக்களிடமிருந்து கோரிக்கை எதுவும் வரவில்லை."

"அப்ப வந்தா?"

டாக்டர் காகிதத்தை மடித்து உள்ளே வைத்தார். "இத நான் காட்டினேன்னு வெளிய சொல்லிராதீங்க" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் செபமாலை கோயிலிலிருந்து வீட்டுக்குப் போகாமல் கீழப்பட்டிக்கு நடந்தாள். இருளாயி நெல் அவித்துக்கொண்டிருந்தாள்.

"ஆத்தா, அன்னைக்கு எங்கிட்ட சொன்னத சர்க்காருக்குச் சொல்லணும். பொம்பளைக்குப் பொம்பளைதான் ஊசி போடணும்னு எழுதி எல்லாரும் கைநாட்டு வைக்கணும்."

"எழுதுனா மட்டும் வந்துருவாங்களா?"

"எழுதலேன்னா நீங்க கேக்கவே இல்லேன்னு சொல்லுறாங்க."

இருளாயி அடுப்பை விட்டு எழுந்தாள். "நாங்க கேக்கலையா? கதவச் சாத்துனோமே, அது கேட்டதில்லையா?"

"அது அவுங்க காதுல விழாது. காகிதந்தான் விழும்." பிறகு செபமாலை குரலைத் தாழ்த்தினாள். "ஆனா என் எழுத்து அதுல இருக்கக் கூடாது. தாலுகாக் கச்சேரி மரத்தடியில பிச்சைமுத்துன்னு மனு எழுதுறவரு இருக்காரு. நீங்க சொல்லச் சொல்ல அவரு எழுதட்டும். யாரு எழுதச் சொன்னான்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"செத்துப்போன என் மருமக சொன்னான்னு சொல்லுவேன்."

இருளாயி அதோடு நிற்கவில்லை. கீழப்பட்டி முடிந்து பக்கத்து நாலு ஊருக்கும் போனாள். களை எடுக்கிற இடத்திலும் கிணற்றடியிலும் மைப்புட்டியைத் திறந்தாள். பத்து நாளில் இருநூற்றுப் பதினெட்டு கைநாட்டு சேர்ந்தது. முப்பது பெண்களாகப் போய்த் தாசில்தார் கச்சேரியில் மனுவைக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டதற்கு முத்திரை வைத்த சீட்டு வேண்டும் என்று கேட்கச் செபமாலை சொல்லிக் கொடுத்திருந்தாள். குமாஸ்தா சீட்டெல்லாம் கிடையாது என்றார். சீட்டு கொடுக்கும்வரை அவர் வாசலைவிட்டு ஒருத்தியும் நகரவில்லை. பிற்பகலில் சீட்டு கிடைத்தது.

மனு மட்டும் போதாது என்று செபமாலைக்குத் தெரியும். மனு ஒரு கட்டுக்குள் போகும், கட்டு ஒரு அலமாரிக்குள் போகும். அடுத்த மாதம் புதுக்கோட்டையில் சமஸ்தானத்துச் சட்டசபை கூடுகிறது. அங்கே ஒருவர் எழுந்து கேட்க வேண்டும்.

அந்தப் பகுதிக்கு மெம்பர் பழனிச்சாமி. பெரிய வீடு, பெரிய மீசை. அவர் மனைவி பிரகதாம்பாளுக்கு இரண்டு வருஷத்துக்கு முன் பிள்ளை கொடி சுற்றி வந்தபோது செபமாலைதான் பக்கத்தில் இருந்தாள். அதைச் சொல்லிக் காட்ட அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் போனாள். வேறு வாசல் அவளுக்கு இல்லை.

பிரகதாம்பாள் மோர் கொடுத்துவிட்டுக் கணவரைக் கூப்பிட்டாள். "அக்கா ஒரு காரியமா வந்துருக்காங்க. கேட்டுட்டுத்தான் வெளிய போகணும்."

பழனிச்சாமி நின்றபடியே கேட்டார். "நர்ஸம்மா, எனக்கு இந்தத் தடவை ரெண்டு கேள்விக்குத்தான் எடம். ஒண்ணு பாலத்துக்கு. ஒண்ணு ரேஷன் அரிசி விஷயத்துக்கு வச்சிருக்கேன். பேதிக்கு ஊசி போடச் சொல்லிக் கேட்டா என்ன சொல்லுவாங்க? பரிசீலனையில் இருக்குன்னு சொல்லி உக்கார வச்சிருவாங்க."

"அப்படிக் கேக்க வேணாம் ஐயா."

"பெறகு எப்படிக் கேக்குறது?"

"போடச் சொல்லிக் கேக்காதீங்க. எத்தனை பேருக்குப் போட்டீங்கன்னு மட்டும் கேளுங்க. ஆம்பளை எத்தனை, பொம்பளை எத்தனை. செத்தது ஆம்பளை எத்தனை, பொம்பளை எத்தனை. கணக்கு அவுங்ககிட்ட இருக்கு. சபையில அத அவுங்க வாயாலேயே படிக்கணும். படிச்ச பெறகு நீங்க ஒண்ணும் கேக்காட்டியும் கேட்ட மாதிரிதான்."

பழனிச்சாமி மீசையைத் தடவினார். அவள் அடுத்ததைச் சொன்னாள்.

"இருநூத்திப் பதினெட்டுப் பேரு கைநாட்டு வச்சிருக்காங்க. எல்லாம் உங்க பகுதி. வேற யாராச்சும் மெம்பர் இத எடுத்துக் கேட்டா, உங்க ஊரு விஷயத்த அவரு கேட்ட மாதிரி ஆயிரும்."

அவர் அவளைக் கூர்ந்து பார்த்தார். பிறகு மெல்ல உட்கார்ந்தார். "நீங்க நர்ஸு வேலைக்கு வந்துருக்கக் கூடாது" என்றார்.

வெளியே வந்த செபமாலை குடையை விரிக்காமலே வேகமாக நடந்தாள். ஒரு மனிதரை இப்படித் தள்ளிவிட்டுக் காரியம் வாங்க முடியும் என்பது அவளுக்கே புதிது. பிடிக்கவுமில்லை, வருத்தமுமில்லை.

கேள்வியின் வாசகத்தை வீட்டுக்கு வந்து எழுதினாள். இன்னாசி பின்னாலிருந்து படித்தார்.

"'வாராந்திர அறிக்கையின் ஆறாம் பத்தியில் கண்டபடி'ன்னு எழுதியிருக்க. அத எடுத்துரு. ஆஸ்பத்திரியிலேருந்து நீ மேல எழுதி அனுப்புற அந்த அறிக்கைய உள்ள இருக்கவுங்கதான் பாத்திருப்பாங்க. நீதான்னு ஒரு நிமிஷத்துல கண்டுபுடிச்சிருவாங்க. சர்க்கார் உத்தியோகத்துல இருந்துக்கிட்டு மெம்பரைப் போயிப் பாத்தா என்ன ஆகும்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும். எடுத்துட்டா, ஆம்பளை பொம்பளைன்னு தனியாக் கணக்கு வச்சுக்கிறதில்லைன்னு ஒரு வரியில சொல்லி முடிச்சிருவாங்க. ஆறாம் பத்தின்னு சொன்னாத்தான் தப்ப முடியாது."

"நம்ம ரெண்டு பேரு வேலையும் இருக்கு."

"எனக்குத் தெரியாமலா எழுதினேன்?"

இன்னாசி எழுந்து வாசலுக்குப் போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். அன்று வீட்டில் இரண்டு பேருமே உட்காரவில்லை.

சபை கூடிய நாளில் செபமாலை லீவு போட்டுவிட்டு, பிரகதாம்பாளோடு புதுக்கோட்டைக்குப் போனாள். பெட்ரோல் இல்லாத காலம், கரி அடுப்பைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓடிய பஸ் நமணசமுத்திரத்தில் ஒரு தடவை நின்றது. நேரமாகிவிடுமோ என்று அவள் இறங்கி இறங்கி ஏறினாள். பார்வையாளர் இடத்தில் பெண்கள் இவர்கள் இருவர் மட்டுமே.

கேள்வி எண் பதினாறு பாலத்தைப் பற்றியது. அது நெடுநேரம் போயிற்று. பதினேழுக்குப் பழனிச்சாமி எழுந்தார். பதில் சொல்ல வேண்டிய அதிகாரி காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சற்றுத் தயங்கினார். பிறகு படித்தார்.

"அந்தத் தாலுகாவில் ஊசி போட்டுக்கொண்ட ஆண்கள் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு. பெண்கள் தொண்ணூற்று நான்கு." சபையில் யாரோ இருமினார்கள். "இறந்தவர்களில் ஆண்கள் நாற்பத்தொன்று. பெண்கள் நூற்று அறுபத்தேழு."

சபைத் தலைவர் பேனாவைக் கீழே வைத்தார். அந்த எண்களை வாரா வாரம் எழுதியவள் செபமாலை. ஆனாலும் அவற்றை ஒருவர் சத்தமாகப் படிக்கக் கேட்பது இதுதான் முதல் தடவை. நூற்று அறுபத்தேழில் ஒன்று முத்துமாரியம்மாள்.

"இந்த வித்தியாசத்துக்குக் காரணம் பெண்களின் அறியாமை. அவர்கள் ஒத்துழைக்க மறுக்கிறார்கள்" என்று அதிகாரி முடித்தார்.

இதற்குப் பழனிச்சாமி கேட்க வேண்டிய துணைக் கேள்வியைச் செபமாலை எழுதிக் கொடுத்திருந்தாள். அவர் எழுந்தார். கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். எண்கள் அவரையும் அடித்திருந்தன போலும். செபமாலை முன் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அறியாமைங்கிறீங்க" என்று தொடங்கினார் அவர். சபையில் பேசுகிற பேச்சாக அது இல்லை. "என் சம்சாரம் படிச்சவ. தினம் பேப்பர் வாசிக்கிறவ. இன்ஸ்பெக்டர் எங்க வீட்டுக்கே வந்தாரு. நான் போட்டுக்கிட்டேன். அவ போட்டுக்கல. ஏன் போட்டுக்கலைன்னு நான் கேக்கவுமில்ல. இந்தக் கணக்கக் கேட்ட பெறகுதான் எனக்கே புரியுது." நிறுத்தி மூச்சு வாங்கினார். "ஊசி போடப் போனவங்கள்ல பொம்பளை எத்தனை பேரு? அதச் சொல்லுங்க."

"யாருமில்லை" என்றார் அதிகாரி.

பிரகதாம்பாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "என்னைய இத்தனை பேரு முன்னால இழுத்துட்டாரே" என்று முணுமுணுத்தாள். கொஞ்சம் கழித்து, "உங்ககிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு அக்கா" என்றாள். செபமாலை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்று வாரத்தில் உத்தரவு வந்தது. ஒரு கிராமத்தில் பத்துப் பெண்களுக்குக் குறையாமல் எழுதிக் கேட்டால், இன்ஸ்பெக்டர் உடன்வர, நர்ஸ் அங்கே போய்ப் பெண்களுக்கு ஊசி போடலாம். அதே தபாலில் செபமாலை பேருக்கும் ஒரு காகிதம் வந்தது. அலுவலக அறிக்கையின் விவரம் வெளியே போனது எப்படி, சட்டசபை மெம்பருடன் அவளுக்குத் தொடர்பு உண்டா, ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும்.

டாக்டர் முத்துராமன் அந்தக் காகிதத்தைக் கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நீங்க என்ன வேணும்னாலும் எழுதுங்க. நான் காட்டின லெட்டரைப் பத்தி மட்டும்..."

"எழுத மாட்டேன் டாக்டர்."

அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

"தெரியாதுன்னு எழுதிரு. யாரும் நிரூபிக்க முடியாது" என்றார் இன்னாசி. செபமாலை ஐந்து நாள் யோசித்தாள். அந்த ஐந்து நாளில் ஒரு இரவுகூடச் சரியாகத் தூங்கவில்லை. பொய் எழுதினால் வேலை நிற்கும். ஆனால் அடுத்த தடவை அதே ஆபீசுக்கு எதையாவது கேட்டு எழுதும்போது, தன் எழுத்தைத் தானே நம்ப முடியாது. ஆறாம் நாள் எழுதினாள்: 'அறிக்கையை வாரா வாரம் நிரப்புவது நான். எண்கள் யாரிடமும் கொடுக்கப்படவில்லை. எண்கள் எந்தப் பத்தியில் இருக்கின்றன என்பதை மட்டும் மெம்பர் அவர்களுக்குத் தெரிவித்தது நான்தான். ஊசி போடத் தெரிந்தும் போட முடியாமல் நின்றதால் அப்படிச் செய்தேன்.'

இன்னாசி அதை வாங்கி இரண்டு தடவை படித்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தாள். அவர் பேனாவை எடுத்து ஓரிடத்தில் விட்டுப்போன ஒற்றெழுத்தைப் போட்டார். "என் எழுத்து கொஞ்சம் தெளிவா இருக்கும். நகல் நான் எடுக்குறேன். நீ கையெழுத்துப் போடு" என்றார்.

பதில் வருவதற்கு முன்பே கீழப்பட்டியிலிருந்து எழுத்து வந்துவிட்டது. "பத்துப் பேராமே பத்துப் பேரு, எண்ணிக்கைய நீங்களே பாத்துக்கங்க" என்று இருளாயி கொண்டுவந்த காகிதத்தில் எழுபத்தொரு கைநாட்டு இருந்தது. நாகராசு பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூட நடந்தார். கண்மாய்க் கரையிலேயே நின்றுகொண்டு, பெட்டியை அவளிடம் நீட்டினார். "கணக்கு மட்டும் நான் எழுதுறேன். நீங்க உள்ள போங்கம்மா."

முதல் ஆளாக இருளாயி கையை நீட்டினாள். எலும்பும் தோலுமான கை. ஊசி இறங்கியபோது அவள் அசையவில்லை.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் ஆத்தா."

"இதுக்கா?" என்றாள் இருளாயி. அன்றுதான், மருமகள் செத்து இத்தனை நாளுக்குப் பிறகு, அவள் சத்தம் போட்டு அழுதாள். மற்றப் பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். செபமாலை ஊசியைக் கொதிநீரில் போட்டுவிட்டு, அடுத்த கைக்காகக் காத்திருந்தாள். பொழுது இறங்குவதற்குள் எழுபத்தொரு பேருக்கும் போட்டாயிற்று. அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. இன்னும் எத்தனை ஊர் என்றுதான் மனசு ஓடிக்கொண்டிருந்தது.

மாதக் கடைசியில் உத்தரவு வந்தது. வேலை போகவில்லை. கண்டித்து அவளுடைய பதிவேட்டில் ஒரு குறிப்பு எழுதி, திருவரங்குளத்துக்குக் கிழக்கே ஒரு சின்ன டிஸ்பென்சரிக்கு மாற்றியிருந்தார்கள். இன்னாசியின் பள்ளிக்கூடம் இங்கேதான். வாரம் ஒரு நாள் வந்து பார்ப்பதென்று பேசிக்கொண்டார்கள். டிரங்குப் பெட்டியைப் பஸ் மேல் ஏற்றும்போது அவர், "அங்கயாவது உக்காந்து சாப்பிடு" என்றார். பஸ் கிளம்பிய பிறகும் அவர் அங்கேயே நிற்பது தெரிந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

புது டிஸ்பென்சரியில் குழந்தைசாமி என்ற கம்பவுண்டர் மட்டும் இருந்தார். சாவியைக் கொடுத்து அறையைக் காட்டினார்.

"நர்ஸ் வெளிய போயி ஊசி போடலாம்னு வந்த உத்தரவு எங்க இருக்கு?" என்று கேட்டாள் செபமாலை.

"அப்படி ஒண்ணும் வரலீங்களே. அது நீங்க இருந்த தாலுகாவுக்கு மட்டும்னு கேள்வி."

செபமாலை டிரங்குப் பெட்டியைத் திறக்கவில்லை. சன்னல் வழியே வயல்களைப் பார்த்தாள். இங்கேயும் அங்கங்கே பெண்கள் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இந்தப் பக்கத்துக்கு மெம்பரு யாருங்க?"

"எதுக்கும்மா?"

"சும்மாதான் கேக்குறேன்" என்றாள். "அவரு வீடு இங்கயிருந்து எவ்வளவு தூரம்?"

கம்பவுண்டர் கையை நீட்டித் திசையைக் காட்டினார். வெயில் தாழ இன்னும் நேரமிருந்தது. அவள் குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.